மதிலின் வெளிப்பக்கம்

“அம்மா, பிரபஞ்சத்தின் கடைசியில் என்ன இருக்கிறது?” என்று சபேசன் கேட்டார்.

பூங்கோதையம்மாள் ஆசிரமத்து முற்றத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்தார். சபேசனைவிட இருபது வயது இளையவர். அவருக்குக் குரு.

“பள்ளிக்கூடத்துல இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்க.”

“ரொம்ப தூரத்திலிருந்து கிளம்பின ஒளி இன்னும் நம்மகிட்ட வந்து சேரலை. அதுக்கு அந்தப் பக்கமும் நட்சத்திரம் இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். இங்கிருந்து பார்க்க வழியே இல்லை.”

“போய்ப் பார்த்தா?”

“போய்ப் பார்க்கிற தூரமா அது?”

“சரி. இப்ப அதுக்கென்ன?”

“ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை. வெள்ளிக்கிழமை எனக்குக் காவி தர்றதா சொல்லியிருக்கீங்க. இதுக்குப் பதில் தெரியாம அதைக் கட்டிக்க மனசு வரலை.”

பூங்கோதையம்மாள் சல்லடையைத் தட்டினார்.

“மதிலோட வெளிப்பக்கம் இன்னும் பூசலை. மழை வரப்போகுது. அதைப் பூசிட்டு வாங்க. காவி, பதில் ரெண்டையும் அப்புறம் பேசலாம்.”

சபேசனின் முகம் மாறியது.

“வெளிப்பக்கம் அவன் நிலம்.”

“எவன்?”

“உங்களுக்குத் தெரியும்.”

எல்லோருக்கும் தெரியும். ஆசிரமம் இருப்பது சபேசன் எழுதிக் கொடுத்த நிலத்தில். அதை ஒட்டிய நிலம் அவர் தம்பி ஏகாம்பரத்துடையது. பாகப்பிரிவினையில் கிணறு யாருக்கு என்று தகராறு வந்து, பேச்சு நின்றுபோனது. மதில் எழுப்பியபோது, வெளிப்பக்கம் நின்று பூசத் தம்பியிடம் அனுமதி கேட்கக் கிளம்பிய கொத்தனாரைச் சபேசன்தான் தடுத்தார். அந்தப் பக்கம் செங்கல்லாகவே விடப்பட்டது.

“வேற ஆளை அனுப்பக் கூடாதா?”

“காவி வேற ஆளுக்கா?”

சபேசன் ஏணி வைத்து ஏறினார். மதில்மேல் குப்புறப் படுத்து, கையை அந்தப் பக்கம் தொங்கவிட்டுப் பூசத் தொடங்கினார். ஒரு முழம்தான் எட்டியது. பூசியதில் பாதி கீழே விழுந்தது.

அங்கே மதிலோரத் தொட்டியில் ஏகாம்பரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மாட்டிடம் சொன்னார்:

“பார்த்தியாடி, மதில்மேல ஒருத்தர் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கார். சாமியார் ஆகப்போறாராம்.”

சபேசன் செங்கல்லைப் பார்த்துச் சொன்னார்:

“மாடு வச்சிருக்கிறவங்க மாட்டைப் பார்த்துக்கிட்டாப் போதும்.”

“தொட்டியில சிமெண்ட் விழுதே, அதை மாடே பார்த்துக்குமா, கேளுடி.”

பதில் சொல்லத் திரும்பியதில் கொத்துக்கரண்டி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

“அம்மா, கரண்டி அந்தப் பக்கம் விழுந்துடுச்சு.”

“நம்மகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்” என்றார் பூங்கோதையம்மாள். தலை நிமிரவில்லை.

சபேசன் இறங்கினார். வாசல் வழியே போய், தெருவைச் சுற்றி, தம்பியின் வேலிப்படலைத் திறந்துகொண்டு நுழைந்தார்.

ஏகாம்பரம் கரண்டியைக் கழுவி நீட்டினார்.

சபேசன் மதிலருகே போனார். அவரைக்கொடி அடர்ந்து படர்ந்திருந்தது. பூசுவதற்காக அதை விலக்கினார்.

கொடிக்குப் பின்னால், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, மதில் ஏற்கெனவே பூசப்பட்டிருந்தது. பழைய பூச்சு. வேலை தெரிந்தவர் பூசியதல்ல. மேடும் பள்ளமுமாக இருந்தது. சில இடங்களில் விரல் பதிந்திருந்தது.

“இதை யார் பூசினது?”

ஏகாம்பரம் மாட்டைத் தடவிக்கொடுத்தார். இந்த முறை அதனிடம் பேசவில்லை.

“சேத்துல கட்டின மதில். மழையில அடி கரைஞ்சா, பள்ளமா இருக்கிற உன் பக்கம்தான் சாயும், அண்ணே. நீ இதை ஒட்டித்தானே படுக்கிறே? ராத்திரி இருமறது கேக்குது.”