புளிச்ச மாவுக்கு உள்ளே

கடலுக்கு அந்தண்டை, கிரேக்க தேசத்துல, ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தாளாம். பேரு மிர்த்தோ. கல்யாணமாகி பத்தே நாள். ம் கொட்டுடி, இல்லேன்னா நிறுத்திடுவேன். ஆங்.

மாமியார்க்காரி தன் மக பிரசவத்தைப் பார்க்கக் கிளம்பினா. "நாலாம் நாள் வந்துடுவேன், ரொட்டி மட்டும் ஒழுங்கா சுட்டு வை"ன்னா. அப்புறம் இவ நல்ல பேரு வாங்கணுமேன்னு மாவுத் தொட்டியை எட்டிப் பார்த்தா. மூலையில ஒரு பழைய மாவு உருண்டை, புளிச்சு நாறுது. அட கர்மமேன்னு அதைக் கோழிக்குப் போட்டுட்டு, தொட்டியைச் சாம்பல் போட்டு சரக் சரக்னு தேய்ச்சுக் கவுத்தா.

மறுநாள் மாவு பிசைஞ்சா, உப்பவே இல்ல. ரொட்டி டங்குன்னுது! புருஷன் கடிச்சான், பல்லே ஆடிப்போச்சு. தண்ணி போதலையோன்னு ரெண்டாம் நாள் கூட ஊத்தினா. டங்! குளிருதோ என்னவோன்னு மூணாம் நாள் அடுப்போரமா போர்த்தி வச்சா. டங்கு டங்கு! அதே மாவு, அதே தண்ணி, அதே கை. அவளுக்கு ஒண்ணுமே புரியல, திருதிருன்னு முழிக்கிறா. நாளைக்கு மாமியார் வந்தா இந்த வீட்டுல என்னை யாரு மதிப்பான்னு அழுகை அழுகையா வருது. ம்?

அப்போ பக்கத்து வீட்டு தியானோ வந்து, ரொட்டியைத் தட்டிப் பார்த்தா. "பழைய உருண்டை எங்கடி?"

"அழுக்குன்னு கோழிக்குப் போட்டுட்டேன்க்கா."

"அடிப்பாவி! தோசை மாவு மாதிரி பொங்க வைக்கிறதே அதுதாண்டி!"ன்னு தன் வீட்டு உருண்டையில கொஞ்சம் கிள்ளிக் குடுத்தா. அதைச் சேர்த்துப் பிசைஞ்சா, புஸ்... புஸ்... புஸ்ஸுன்னு தொட்டி நிறைய!

மாமியார் வந்தா. ரொட்டியைப் பிச்சு மென்னா, மென்னா, இன்னொரு துண்டும் பிச்சா. மிர்த்தோவால தாங்க முடியல. "அத்தே, உங்க உருண்டையைத் தொலைச்சுட்டேன். இது தியானோக்கா குடுத்தது."

"அவளா? அவளும் வந்த புதுசுல தேய்ச்சுக் கழுவினவதான். அன்னிக்கு நான் கிள்ளிக் குடுத்த மாவுதான் இது. சாப்பிடு."

"அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு அத்தே?"

"எனக்கென்னடி தெரியும்!"

ரொம்ப காலம் கழிச்சு, பெரிய பெரிய படிப்பாளிங்களும் இப்படித்தான் குழம்பினாங்க. புளிச்ச மாவுக்கு கிரேக்க பாஷையில 'ஸூமே', உள்ளேங்கிறதுக்கு 'என்'. அதனால மாவைப் பொங்க வைக்கிற அந்தச் சமாச்சாரத்துக்கு 'புளிச்ச மாவுக்கு உள்ளே'ன்னே பேரு வச்சுட்டாங்க, என்ஸைம்னு. நம்ம சோப்புத்தூள் டப்பாவுல கூட போட்டிருக்கே!

மிர்த்தோ இதெல்லாம் எங்க கண்டா? அத்தை திட்டலையேங்கிற நிம்மதியில, குழப்பம் தீராமலே அத்தை தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. நீயும் சாஞ்சுக்கோ, கதை ஆச்சு.