ஒண்டி போர்த்திய சுவர்

உடம்புக்குள் இருக்கும் செல்களெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மூச்சுக்குழாய் ஓரமாக வரிசை வீடுகள்போல நெருங்கி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய்ப் பசையில் மெல்லிய சுவர். சுவருக்கு வெளியே சர்க்கரைச் சரங்கள். சரத்தைப் பிடித்தவரை உள்ளே இழுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். யார், எந்த ஊர் என்று கேட்பதெல்லாம் கிடையாது. அவ்வளவு வெள்ளை மனசு, அவ்வளவு அசட்டுத்தனம்.

மெய்யம்மை என்ற செல்லின் சரத்தை ஒருநாள் ஒண்டி வந்து பிடித்தான். ஃப்ளூ கிருமிகளிலேயே முதல் ஆள். அப்போது உலகத்தில் அவன் ஒருவன்தான். தோல் கிடையாது, வீடு கிடையாது. தன்னைப்போல் இன்னொருவனை வார்க்க ஓர் அச்சு மட்டும் வயிற்றில் இருந்தது.

"ஏன்டா இப்படி நடுங்குறே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே இழுத்துக்கொண்டாள் மெய்யம்மை.

"தனியா இருந்து இருந்து வெறுத்துப்போச்சுக்கா. என்னை மாதிரி நாலு பேரைச் செஞ்சு குடுங்க, பேச்சுத்துணைக்கு."

கொடுத்த அச்சில் வார்த்துக்கொண்டே இருப்பாள் அவள். போதும் என்று வந்தவர்தான் சொல்லவேண்டும். ஒண்டி சொல்லவில்லை. நாலு நாற்பதாகி, நாற்பது நானூறாகி, வீடே அவன் முகமாக நிறைந்தது.

"தோலில்லாம வெளிய போனா தாங்கமாட்டீங்க. என் சுவத்துல கொஞ்சம் போத்திக்குங்க" என்றாள். ஒவ்வொருவரும் சுவரை உள்ளிருந்து முட்டி, கிள்ளிப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்கள். போர்த்திய துண்டிலும் சரம், வீட்டிலும் சரம். அந்தச் சரங்களைப் பிடித்தபடி எல்லாரும் வீட்டோடும் ஒருவரோடொருவரும் ஒட்டிக்கொண்டு கொத்தாக நின்றார்கள். ஒண்டிக்கு இரண்டு பக்கமும் ஆள். ஆனந்தத்தில் அழுதுவிட்டான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"சுவரெல்லாம் போச்சுடா. நான் பிழைக்கமாட்டேன். கொஞ்ச நேரம் போகாம இருங்களேன், தனியா சாகப் பயமா இருக்கு."

அந்தப் பயத்தை அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் வீடு சரிவதைப் பார்த்ததும் தானும் அதோடு போய்விடுவோமோ என்று பயந்தான். பல்லால் சரத்தை நறுக்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நறுக்கினார்கள். அந்நேரம் பார்த்து உடம்புக்காரர் இருமினார். ஆளுக்கொரு திசையாகப் பறந்தார்கள்.

"அக்கா!" என்று கத்தினான் ஒண்டி. போர்த்தியிருந்த சுவரில் மட்டும் அவள் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். ஃப்ளூ கிருமி இன்றுவரை அடுத்தவர் சுவரைப் போர்த்திக்கொண்டு அலைகிறது; ஒரு வீட்டுச் சரத்தைப் பிடித்து உள்ளே போய், கூட்டத்தைப் பெருக்கி, வெளியே வந்ததும் அதே சரத்தை நறுக்கிவிட்டு, மறுபடியும் தனியாகவே கிளம்புகிறது.