இலை மடிக்காத விருந்து

மழைக்கும் ராஜாவுக்கும் எப்போது என்ன தோன்றும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு காலத்தில், கனகசேனன் என்றொரு ராஜா இருந்தார். எந்த நாடு, எந்த வருஷம் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். ராஜா நல்லவர். ஆனால் பக்கத்தில் நிற்பவர் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னால் எதையும் நம்பிவிடுவார்.

ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாட்டில் உள்ள வழக்கங்களையெல்லாம் ஏட்டில் எழுதி வைத்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் எதையும் யோசிக்கவே வேண்டாமே! தும்மினால் என்ன செய்வது, விருந்தாளி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாவற்றுக்கும் ஏட்டைப் பார்த்தால் போதும். வாய் கொப்பளித்த கையோடு, ஏகம்பர் என்பவரை ஆசார அதிகாரியாக நியமித்துவிட்டார்.

ஏகம்பருக்கு இதைவிட ருசியான வேலை கிடைக்குமா? மனிதர் முந்நூறு ஏடு எழுதித் தள்ளினார். ஒவ்வொரு ஏட்டின் அடியிலும் ‘காரணம் கேட்கலாகாது’ என்று ஒரு வரி. முந்நூறையும் மனப்பாடம் செய்யாத அமைச்சர் இல்லை. மனப்பாடம் செய்யாத ஒரே ஆள் அரசவை விகடன் வைரவன். அவனைக் கண்டால் ஏகம்பருக்கு ஆகவே ஆகாது. தாம் மூன்று நாழிகை பேசியும் கொட்டாவி விடுகிற ராஜா, அவன் வாயைத் திறந்ததும் நிமிர்ந்து உட்காருகிறாரே என்ற வயிற்றெரிச்சல்.

இப்படி இருக்கையில் ராஜாவின் பிறந்தநாள் வந்தது. அன்று மட்டும் மந்திரியிலிருந்து குதிரைக்காரன் வரை எல்லாருக்கும் ஒரே பந்தி. பந்தியின் கடைசியில் யானைப்பாகன் மாசாணம் உட்கார்ந்திருந்தான். சாம்பார் சாதத்தைப் பிசைந்து இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும். கொட்டடிப் பக்கமிருந்து ஒரு பிளிறல் கேட்டது. எல்லாருக்கும்தான் கேட்டது. யானை என்றால் பிளிறத்தானே செய்யும் என்று எல்லாரும் அப்பளத்தை நொறுக்கினார்கள். மாசாணம் மட்டும் எச்சில் கையோடு எழுந்து, ராஜாவின் முன்னாலேயே குறுக்கே விழுந்தடித்து ஓடினான்.

பந்தி உறைந்துபோயிற்று. ஏகம்பர் வாயில் இருந்த வடையை விழுங்கக்கூட இல்லை.

“நாற்பத்திரண்டாம் ஏடு, மகாராஜா! பந்தியில் அமர்ந்தோர், கடைசி ஆள் உண்டு முடித்து இலையை மடிக்கும் வரை எழலாகாது. மீறினால் நாடு கடத்தல். காரணம் கேட்கலாகாது!”

ராஜாவும் கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்குள் புதுப் பாகனுக்கு யானையைப் பழக்கிவிட்டு மாசாணம் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அன்று சாயங்காலம் வைரவன் கொட்டடிக்குப் போனான். செவ்வந்தி என்ற அந்தப் பெண் யானை ஒரு பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. புதுப் பாகன் தென்னமட்டையை நீட்டினான். அது வாங்கி, அவன் மேலேயே வீசியது. மாசாணம் அதன் காலுக்கு மஞ்சள்பற்றுப் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்னப்பா ஆச்சு பந்தியில?” என்று வைரவன் கேட்டான்.

“சங்கிலி காலைச் சுத்தி இறுகிருச்சு சாமி. பசிக்குக் கூப்பிடுற சத்தம் வேற, வலிக்குக் கூப்பிடுற சத்தம் வேற. இருபது வருசமா கேக்குறேன், எனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா எலும்பு போயிருக்கும்.”

“இதை ராஜாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“காரணம் சொல்லக் கூடாதாமில்ல?” மாசாணம் யானையின் காலிலேயே முகத்தை வைத்துக்கொண்டான். “நான் எங்கயாச்சும் போயி மூட்டை தூக்கிப் பொழச்சுக்குவேன் சாமி. இதுதான் வேற ஆள் கையில தின்ன மாட்டேங்குது.”

ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிற வைரவன், கீழே கிடந்த தென்னமட்டையை எடுத்து மாசாணத்தின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

மறுநாள் அவையில் நேராக விஷயத்துக்கு வந்தான். “மகாராஜா, பந்தியில் பாதியில் எழுந்தே ஆகவேண்டிய காரணம் ஒரு மனிதனுக்கு வரும். மாசாணத்துக்கு வந்தது.”

“வரவே வராது!” என்று ஏகம்பர் குதித்தார். “ஒழுக்கம் உள்ளவன் எந்தக் காரணத்துக்கும் எழமாட்டான். திமிர் பிடித்தவன்தான் எழுவான்.”

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. “சரி வைரவா, வரும் பௌர்ணமி விருந்தில், ஒழுக்கம் உள்ள ஒருவன் தக்க காரணத்தோடு பாதியில் எழுவதை எனக்குக் காட்டு. காட்டினால் பாகனை மன்னிக்கிறேன். காட்டாவிட்டால்?”

“பாகனோடு இவனும் போகட்டும்!” ஏகம்பர் முந்திக்கொண்டார். “இன்னொன்று மகாராஜா. இவன் பொய் சொல்லக்கூடாது. பாம்பு, நெருப்பு என்று யாரையும் பயமுறுத்தக்கூடாது. யாரையும் எழச் சொல்லக்கூடாது. பந்தி ஏடுகள் அத்தனையையும் ஓர் எழுத்துப் பிசகாமல் இவனும் கடைப்பிடிக்க வேண்டும்.”

கைகால் இரண்டையும் கட்டியாயிற்று என்று ஏகம்பருக்குத் திருப்தி. வைரவன் ஒன்றும் வாதாடவில்லை. பந்தி ஏடுகளை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். “இவ்வளவுதானா ஐயா? வேறு ஒன்றும் எழுதவில்லையே?” என்றான். “இவ்வளவுதான் ஓய்! உமக்கு இதுவே அதிகம்” என்றார் ஏகம்பர்.

பௌர்ணமி வந்தது. நடுப்பகலில் விருந்து. வெயிலுக்கு இதமாக வாசலிலேயே சொம்பு சொம்பாகப் பானகம் வைத்திருந்தார்கள். வெற்றி நிச்சயம் என்ற உற்சாகத்தில் ஏகம்பர் மூன்று சொம்பு குடித்தார். வைரவன் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பழகாத அவை அது.

பரிமாறினார்கள். எல்லாரும் வைரவனையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எங்கிருந்து எலி ஓடும், எங்கே கூரை பிரியும் என்று ஒரு கண் எப்போதும் அவன் மேல். அவனோ தலை நிமிராமல் ஒரு பருக்கையை எடுத்தான். வாயில் போட்டான். மென்றான். நன்றாக மென்றான். அடுத்த பருக்கையை எடுத்தான்.

மற்றவர்கள் சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று முடித்து இலையை மடித்துவிட்டார்கள். வைரவன் இலையில் சோறு கும்பாரமாக இருந்தது. அவனுக்கும் இது சுலபமாக இல்லை. எதிரே மொறுமொறு என்று உளுந்துவடை. நாக்கு ஊறுகிறது. அதை ஒரு வாயில் போடாமல் கடுகளவு கிள்ளித் தின்பது எப்பேர்ப்பட்ட தவம்! தோற்றால் நாளை எந்த ஊரில் எந்தச் சத்திரத்தில் சோறு என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அவன் மெல்வதை நிறுத்தவில்லை.

ஒரு நாழிகை ஆயிற்று. ராஜாவின் கை காய்ந்து, பருக்கைகள் விரலில் ஒட்டிக்கொண்டன. சேனாதிபதிக்குக் கால் மரத்துவிட்டது. ஓர் ஈ அவர் மூக்கில் உட்கார்ந்தது. எச்சில் கையால் ஓட்ட முடியாது. இடக்கையைப் பந்தியில் தூக்கலாகாது என்று ஐம்பதாம் ஏட்டில் இருக்கிறது. வீரத் தழும்பு பதினெட்டு வாங்கிய மனிதர் கண்ணில் நீர் தளும்ப ஈயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் சாப்பிடும் ஓய்!” என்று ஏகம்பர் பல்லைக் கடித்தார். அவர் உட்கார்ந்திருந்த விதமே சரியில்லை. முழங்காலை முழங்காலோடு ஒட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடினார்.

வைரவன் வருத்தத்தோடு நிமிர்ந்தான். “ஐயா, உண்பவரை அவசரப்படுத்தலாகாது. நாற்பத்து மூன்றாம் ஏடு. தாங்கள் எழுதியது.” பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, “அண்ணே, இன்னும் கொஞ்சம் சாதம் போடுங்க” என்றான்.

பந்தி முழுவதும் ஒரு முனகல் ஓடியது. சமையல்காரரான தவசிப்பிள்ளை சோற்றுவாளியோடு வந்து கரண்டி நிறையப் போட்டார். “ரசம் விடட்டுங்களா?” என்றார். “விடுங்க அண்ணே. நிதானமா விடுங்க” என்றான் வைரவன்.

ரசம் என்னவோ நிதானமாகத்தான் விழுந்தது. சொட்டுச் சொட்டாக. அந்தச் சத்தம்தான் ஏகம்பரைக் கொன்றுவிட்டது. முகம் சிவந்து, வெளுத்து, வேர்த்தது. முந்நூறு ஏட்டையும் மனதுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. மூன்று சொம்புப் பானகத்துக்கு எந்த ஏட்டிலும் வழி இல்லை. திடீரென்று துள்ளி எழுந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ராஜாவின் முன்னாலேயே குறுக்கே பாய்ந்து, கொல்லைப்புறம் பார்த்து ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்து, பெரிய பாரம் இறங்கிய முகத்தோடு அவர் திரும்பி வந்தார். வாசற்படியில் கால் வைத்தபோதுதான் தாம் செய்தது என்ன என்று அவருக்கு உறைத்தது.

“ஏகம்பரே,” என்றார் ராஜா, “பாதிப் பந்தியில் ஏன் எழுந்தீர்?”

“மகாராஜா, அதற்கு... அதற்கு ஒரு காரணம் இருந்தது.”

“காரணம் கேட்கலாகாது என்று எழுதியிருக்கிறீரே?”

“கேட்டுத்தான் ஆக வேண்டும் மகாராஜா! கேட்காமல் தண்டித்தால் என் கதி என்னாவது? எழாமல் இருந்திருந்தால் பந்திக்கே அவமானம் ஆகியிருக்கும்!”

வைரவன் கையில் இருந்த பருக்கையை இலையில் வைத்தான். “அரசே, ஏகம்பர் திமிர் பிடித்தவர் இல்லை. ஒழுக்கத்தில் அவரை மிஞ்ச இந்த நாட்டில் ஆள் இல்லை. அவரே எழுந்தார். அவர் வயிறு சொன்னது அவருக்கு மட்டும்தான் கேட்டது. யானை சொன்னது மாசாணத்துக்கு மட்டும்தான் கேட்டது. ஏட்டுக்கு இரண்டுமே கேட்காது.”

“அப்படியானால் இந்த வழக்கத்தையே எடுத்துவிடலாமா?” என்றார் ராஜா.

“வேண்டாம் அரசே. நல்ல வழக்கம். மெதுவாகச் சாப்பிடும் ஒரு வயசாளி, எல்லாரும் எழுந்துபோய்விட, தனியாக உட்கார்ந்து கூச்சத்தோடு அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று யாரோ மனசுள்ளவர் ஏற்படுத்தியது. அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தால், அன்று மாசாணம் எழுந்தபோது, என்னாச்சு என்று அவன் பின்னால் நாமும் ஓடியிருப்போம். காரணத்தை அழித்துவிட்டு வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.”

ராஜா யாரையும் கேட்காமல் எழுந்து நின்றார்.

அவ்வளவுதான், பந்தி தத்தளித்துப்போயிற்று. ராஜா நிற்கையில் யாரும் உட்காரலாகாது என்பது முதல் ஏடு. இலை மடிக்கும் வரை யாரும் எழலாகாது என்பது நாற்பத்திரண்டாம் ஏடு. வைரவனோ இன்னும் இலையை மடிக்கவில்லை. நாற்பது அமைச்சர்களும் பாதி எழுந்து, முட்டி மடங்கியபடி, எழுந்ததும் இல்லாமல் உட்கார்ந்ததும் இல்லாமல் அந்தரத்தில் நின்று, என்ன செய்வது என்று ஏகம்பரைப் பார்த்தார்கள். ஏகம்பர் ராஜாவைப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீர்கள்!” ராஜாவுக்குச் சிரிப்புப் பீறிட்டுவிட்டது. “ஆளுக்கொரு தலை இருக்கிறதே, அதைக் கேளுங்கள்!” தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். சேனாதிபதிதான் முதலில் முடிவெடுத்தார். இடக்கையைத் தூக்கி மூக்கில் இருந்த ஈயை ஓட்டிவிட்டு, கால் நீட்டி வசதியாக உட்கார்ந்தார். வைரவன் மிச்ச வடையை ஒரே வாயில் போட்டு இலையை மடித்தான்.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அவன் கை கழுவத் தாமே சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். முந்நூறு ஏட்டிலும் ‘காரணம் கேட்கலாகாது’ என்ற வரியைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் காரணத்தை எழுத வேண்டும் என்று ஏகம்பருக்கு உத்தரவாயிற்று. காரணம் கிடைக்காத ஏடுகள் அடுப்புக்கு. தவசிப்பிள்ளைக்கு அப்புறம் ஒரு மாதம் விறகுக் கவலை இல்லை என்று கேள்வி.

பிறகு ராஜா மாசாணத்தைக் கூப்பிட்டனுப்பினார். மூட்டை கட்டி எல்லைக்குப் புறப்பட நின்றவன், கைகட்டி வந்து நின்றான். செவ்வந்தி உன்னோடுதான் என்று ராஜா சொன்னதும் அவன் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். பிறந்தநாள் விருந்தில் பாதியில் எழுந்துபோன ஆள், இன்னும் அரண்மனைச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடவில்லையே என்று ராஜாவுக்கு நினைவு வந்தது. புது இலை போடச் சொன்னார். சுடச்சுடச் சோறு வந்தது. ராஜாவே அவனுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எந்த ஏட்டிலும் அப்படி எழுதியிருக்கவில்லை.

மகாராஜாவைக் காக்கவைப்பதா என்று பதறி, மாசாணம் உருண்டை உருண்டையாக அள்ளி விழுங்கினான். புரையேறிற்று.

“மெதுவாகச் சாப்பிடப்பா. நீ முடிக்கும் வரை நான் இருக்கிறேன்” என்றார் ராஜா.

மாசாணம் தலையாட்டிவிட்டு, நிதானமாக ஒரே ஒரு பருக்கையை எடுத்தான். ராஜா வைரவனைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி மாசாணத்தைப் பார்த்தார்.

“அவ்வளவு மெதுவாக வேண்டாம்!” என்றார்.