புத்தகத்தில் செத்தவன்

“சாமி, இந்த ஊர்க்காரங்க என் காமிராவைக் கண்டா முதுகைக் காட்டுறாங்க,” என்றார் தில்லைநாதன்.

ஊத்தடிச் சாமி துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

“முதுகும் நல்லாத்தானே இருக்கும். எடுத்துக்க வேண்டியதுதானே அண்ணே?”

“விளையாடாதீங்க சாமி. பதிப்பகத்துல ரெண்டாம் பதிப்பு கேக்குறாங்க. புதுப் படங்களோட. நானும் வந்த நாள்லேருந்து கரையில நடக்கறேன். கிழவி, குழந்தை, ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க. போன தடவை வந்தப்ப மீன்குழம்பு ஊத்தினாங்க. இப்ப தண்ணிகூடத் தரலை.”

சாமி இன்னொரு வேட்டியை உதறினார்.

சீடர் தில்லைநாதனுக்கு அறுபதை நெருங்கும் வயது. நரைத்த தாடி. வெளிநாட்டில்கூட அவருடைய படங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். குருவுக்கு நாற்பதுதான். துறவுக்கு முன்பு ராமநாதபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். ‘சிரிங்க, சிரிங்க’ என்று ஊராரைக் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய்த்தான் சாமியாராகிவிட்டார் என்று கரையில் கேலி பேசுவார்கள். அவர் மறுத்ததில்லை.

இரண்டு பக்கமும் கடல் இருக்கிற அந்த மணல்திட்டில், தண்ணீர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. அதுதான் மடம். அதற்கு அப்பால் கொஞ்சம் மணல், ஒரு இடிந்த கட்டிடம், அப்புறம் கடல். கடலுக்கு நடுவில் எங்கேயோ நாட்டின் எல்லை.

“உங்க புத்தகத்துக்கு என்ன பேரு அண்ணே?”

“உங்களுக்குத் தெரியாதா? ‘எல்லையின் கண்ணீர்’.”

“பேரை முதல்ல வச்சீங்களா, படத்தை முதல்ல எடுத்தீங்களா?”

தில்லைநாதன் காமிராவின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

“பேரைத்தான்,” என்றார்.

“சரி. நம்புராசன்கிட்டப் போய் ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்.”

“யாரு நம்புராசன்?”

“உங்க புத்தகத்துல செத்தவன்,” என்றார் சாமி.

*

நம்புராசன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்தான். யாருடைய வலையோ. நல்ல திடகாத்திரமான ஆள். செத்தவன் சாயல் எதுவும் இல்லை.

தில்லைநாதன் எதிரே போய் நின்றார்.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா தம்பி?”

நம்புராசன் நிமிர்ந்து பார்த்தான். காமிராவைப் பார்த்தான்.

“செத்தவன் கையில தண்ணி வாங்கிக் குடிப்பீகளா சார்?”

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“வந்துட்டாரா? எந் தாலிய அறுத்த மகராசன் வந்துட்டாரா?”

தில்லைநாதன் திரும்பினார். அந்த முகத்தை அவருக்குத் தெரியும். உலகத்துக்கே தெரியும். புத்தகத்தின் அட்டையில் இருக்கிற முகம். இடிந்த சுவரில் சாய்ந்து, கண் கலங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண். படத்துக்குக் கீழே அவரே எழுதியிருந்தார்: ‘கடலும் எல்லையும் கணவனைக் கொண்டுபோன பிறகு.’

அவள் பெயர் சந்தனமாரி என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது.

*

“எனக்கு எப்படித் தெரியும் சாமி?” தில்லைநாதன் மூச்சு வாங்க மடத்துக்கு வந்து சேர்ந்தார். “புருஷன் எங்கேன்னு கேட்டேன். கடலைக் கை காட்டினா.”

“அவன் மீன் பிடிக்கப் போயிருந்தான். மதியம் வந்துட்டான்.”

“கண்ணுல தண்ணி நின்னுச்சே.”

“தென்காத்துல மண்ணு விழுந்தா யாருக்கும் தண்ணி நிக்கும். அன்னைக்கு வேற படம் எடுக்கலையா நீங்க?”

“நிறைய எடுத்தேன்.”

“அதுல?”

தில்லைநாதன் தாடியைத் தடவினார். இந்தக் கேள்வி வந்துவிடும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

“எல்லாத்துலயும் சிரிச்சுக்கிட்டிருந்தா,” என்றார்.

சாமி கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து மடித்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது தில்லைநாதனுக்கு.

“நான் அவன் பேரைக்கூடப் போடலையே சாமி.”

“பேரில்லாமயே கொன்னுட்டீங்க. இவுக கணக்குல அது இன்னும் மோசம்.”

பிறகு சாமி அந்தக் கரையின் வழக்கத்தைச் சொன்னார்.

கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் கரை காத்திருக்கும். காற்றில் அக்கரைக்கு ஒதுங்கியிருப்பான், அங்கே பிடித்து வைத்திருப்பார்கள், வருவான் என்று காத்திருக்கும். யாரும் அழ மாட்டார்கள். முதல் அழுகை எந்த வாயிலிருந்து வருகிறதோ, அந்த வாயால் அவனுக்குச் செத்தவன் என்று பேர் விழுந்துவிடும். பேர் விழுந்தவன் பிழைத்து வந்தாலும் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். கடல் தன் கணக்கில் எழுதிக்கொண்டவனை அதன் மேலேயே கொண்டுபோய் நிறுத்தலாமா என்பார்கள்.

அழுத வாய்தான் அதை அழிக்க வேண்டும். அழுதவர் தன் கையால் ஊற்றுத் தண்ணீர் எடுத்துவந்து, ஊர் பார்க்க அவனுக்குக் கொடுத்து, பேர் சொல்லிக் கடலுக்கு அனுப்ப வேண்டும்.

“நம்புராசனுக்கு முதல்ல அழுதது உங்க புத்தகம்தான். அது டீக்கடைக்கு வந்துச்சு. யாரோ வாசிச்சுக் காட்டினாக. முதல்ல எல்லாரும் சிரிச்சாக, நம்புராசனும் சிரிச்சான். மறுநாள் அவன் வள்ளத்துல ஏறப் போனப்ப, சம்மாட்டி துடுப்பைக் குறுக்க நீட்டிட்டாரு. அது அவரு வள்ளம். அவரு சொன்னாச் சொன்னதுதான். ரெண்டு வருசமா அவன் அடுத்தவன் வலையைப் பொத்திக்கிட்டுக் கெடக்கான்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே சாமி!”

“அழுதவுகளைக் கூப்பிடக்கூடாது. அவுகளா வரணும். அதுவும் வழக்கம்தான்.”

தில்லைநாதனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“இது மூடநம்பிக்கை இல்லையா சாமி?”

“இருக்கலாம். ‘இந்த மக்களின் ஆழ்ந்த நம்பிக்கைகள்’னு நீங்கதான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கீங்க. ஒண்ணாச்சும் நெசமா இருக்கட்டுமே.”

*

தில்லைநாதன் மறுபடியும் கரைக்குப் போனார். இந்தத் தடவை சாமியும் கூட நடந்தார். கரையில் வள்ளங்கள் புறப்படத் தயாராக இருந்தன. சம்மாட்டி ஒரு வள்ளத்தில் சாய்ந்து நின்றார்.

“தம்பி,” என்றார் தில்லைநாதன் நம்புராசனிடம். “தப்பு என்மேலதான். அடுத்த பதிப்புல திருத்திடறேன். முதல் பக்கத்துலயே போட்டுடறேன்.”

நம்புராசன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் புத்தகத்துல ஏறி நான் மீனு பிடிக்கப் போறதில்லையே சார்.”

சம்மாட்டி ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கி மணலில் போட்டார். அது தில்லைநாதனின் காலடியில் வந்து விழுந்தது.

*

அந்தத் திட்டில் கிணறு கிடையாது. மணலைக் கையால் பறித்துக் குழி தோண்டினால் தண்ணீர் ஊறும். கடலுக்கு இத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது என்று வந்தவர்கள் எல்லாம் வியப்பார்கள். தில்லைநாதனும் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். பறித்ததில்லை.

இப்போது பறித்தார். ஊரே சுற்றி நின்று பார்த்தது. ஈரம் தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் தோண்டினார். முழங்கை வரைக்கும் தோண்டினார். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. சிரட்டை நிறைய மொண்டு சம்மாட்டியிடம் நீட்டினார்.

சம்மாட்டி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

“இது கடலு,” என்றார்.

தில்லைநாதன் குடித்துப் பார்த்தார். உப்பு.

“ஆழமாப் போயிட்டீங்க அண்ணே,” என்றார் சாமி. “நல்ல தண்ணி மேலாகத்தான் நிக்கும். அதுவா ஊறி வரணும். ஊறினதை மட்டும் வழிச்சு எடுக்கணும்.”

தில்லைநாதன் வேறு இடத்தில் ஆழமில்லாமல் பறித்தார். காத்திருந்தார். அடியில் கொஞ்சமாக ஈரம் மினுங்கியது. எடுப்பதற்குக் குனிந்தார். கழுத்தில் தொங்கிய காமிரா குழியின் விளிம்பில் இடித்தது. மணல் சரிந்து குழி மூடிக்கொண்டது.

யாரோ சிரித்தார்கள்.

மறுபடி பறித்தார். மறுபடி காமிரா. கழற்றி மணலில் வைக்கவும் மனம் இல்லை, மணல் பட்டால் அது போச்சு. எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார்.

சந்தனமாரி கையை நீட்டினாள்.

அந்தக் காமிராவை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. பெண்டாட்டியைக்கூடத் தொட விட்டதில்லை. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வாரைக் கழுத்திலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“கீழ படுத்துக்கங்க சார்,” என்றான் நம்புராசன். முதல் தடவையாக அவனாகப் பேசினான். “உக்காந்து எடுக்க வராது.”

தில்லைநாதன் வயிறு மணலில் பட நீட்டிப் படுத்தார். முகம் குழிக்கு மேல் இருந்தது. தண்ணீர் வருகிற வழியாக இல்லை. பின்னால் சந்தனமாரி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு அவருக்கு ஞாபகம் இருந்தது.

“அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சே,” என்றார் படுத்தபடியே. “எதுக்கும்மா அவ்வளவு சிரிப்பு?”

“நீங்க காமிராவைக் கண்ணுல வச்சுக்கிட்டுப் பின்னாடியே பின்னாடியே போனீக. நாங்க காயப்போட்டிருந்த கருவாட்டு மேல உக்காந்துட்டீக. அம்புட்டும் நொறுங்கிப்போச்சு. எந்திரிச்சு மறுபடி போட்டோ எடுக்கீக. பின்னாடி பூராம் செதிலு.”

கூட்டம் சிரித்தது. சம்மாட்டிகூடச் சிரித்தார்.

தில்லைநாதனுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. வெளிச்சம், சுவர், மேகம், எல்லாம் நினைவிருந்தது. கருவாடு மட்டும் இல்லை.

“சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலையே,” என்றாள்.

குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அவர் அவசரப்படவில்லை. சிரட்டையின் விளிம்பை மட்டும் சாய்த்து, மேலாக நின்றதை வழித்தார். கொஞ்சம் வந்தது. காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் வந்தது. காற்று திரும்பி மணலை முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் சிரட்டை இருந்தது, இன்னொரு கை குழி சரியாமல் பிடித்திருந்தது.

ஒரு வாய்க்குத் தேறியதும் எழுந்தார்.

சம்மாட்டி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். தலையாட்டினார்.

தில்லைநாதன் சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நம்புராசன் முன்னால் போய் நின்றார். மேடைகளில் மணிக்கணக்கில் பேசியவருக்கு ஒரு வரிதான் வந்தது.

“நம்புராசா,” என்றார். “குடிச்சுட்டுக் கடலுக்குப் போய்ட்டு வாப்பா.”

நம்புராசன் வாங்கிக் குடித்தான். மிச்சம் வைக்கவில்லை. சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டினான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். சம்மாட்டி துடுப்பை அவன் கையில் கொடுத்தார். கரையிலிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வள்ளத்தைத் தள்ளினார்கள். தில்லைநாதனும் தள்ளினார்.

வள்ளம் அலையைத் தாண்டும் வரைக்கும் சந்தனமாரி வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் பெருமூச்சு விட்டாள்.

“இந்தாங்க ஒங்க காமிரா,” என்றாள். “நானும் ஒண்ணு அமுக்கினேன். பாருங்க.”

தில்லைநாதன் வாங்கிப் பார்த்தார்.

இடிந்த கட்டிடம் பின்னால் தெரிந்தது. அதற்கு முன்னால் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மணலில் விழுந்து கிடக்கிறார். கன்னமெல்லாம் மணல். கையில் வெறும் சிரட்டை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிகிறது. இந்தப் பகுதியில் இதைவிட நல்ல படம் அவர் எடுத்ததில்லை.

சாமி எட்டிப் பார்த்தார். பழைய ஸ்டுடியோக்காரர் இல்லையா, கண் விரிந்துவிட்டது.

“அட்டையிலயே போடலாம்,” என்றார்.

“கீழ என்ன எழுதுறது சாமி?” என்றாள் சந்தனமாரி. “‘பொண்டாட்டியக் கடலுக்குக் குடுத்துட்டு அழுகுற கெழவன்’னு போட்டுருவமா?”

தில்லைநாதன் படத்திலிருந்து நிமிர்ந்தார்.

“என் பொண்டாட்டி உயிரோட இருக்காம்மா,” என்றார்.

“நாங்க கேக்கலையே,” என்றாள் சந்தனமாரி.