செருப்புகளுக்குக் காவல் இருந்தவர்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் திருவிக்கிரமர் செய்துவந்த திருத்தொண்டு, செருப்பு எடுத்து வைப்பது. அடிபட்டு வருகிறவர்களைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தும் அவசரத்தில் செருப்பை யார் பார்க்கிறார்கள்? அவர் பார்ப்பார். ஜோடி சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி, கட்டில் எண்ணைச் சீட்டில் எழுதிச் செருகி வைப்பார். துணைக்கு ஆளில்லாத நோயாளி என்றால் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்வார். காலையில் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு எட்டு மணிக்கு வந்தாரானால், திரும்பும்போது மாலையாகிவிடும். சம்பளம் கிடையாது. பட்டப்பெயர் உண்டு: செருப்புச் சாமி. அதை வைத்தவர்களில் நானும் ஒருவன். ஊருக்கு நான் செய்த ஒரே தொண்டு அது.

அவர் மனைவி பூமாதேவி அந்தப் பிரிவில்தான் இறந்தார். சீட்டில் முத்திரை வாங்கிவர இவரை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது கட்டில் காலி. அடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. "யாராவது கையைப் பிடிச்சுட்டு இருந்தாங்களா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. காரியங்கள் முடிந்த மறுநாளே இந்தத் தொண்டைத் தொடங்கிவிட்டார். வீட்டில் பேச ஆளில்லை. சாப்பிடும்போது பெருமாள் படத்திடம் அன்றைய நோயாளிகளைப் பற்றிச் சொல்வார். பெருமாள் குறுக்கே பேசுகிறவர் அல்லர்.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. திருவிழாவில் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்களை ஸ்ரீபாதந்தாங்கிகள் என்பார்கள். ஒரு முறையாவது அந்தப் பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுக்க வேண்டும். பெயர்தான் உலகை அளந்தவருடையது. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. சுமப்பவர்களின் தலைவர் வீரராகவன் வருடா வருடம் ஒரே பதிலைச் சொல்வார்.

"ஓய், நீர் தோள் குடுத்தா பெருமாள் உம்ம பக்கமா உருண்டு வந்துடுவார். அப்புறம் அவரையும் உம்ம ஆஸ்பத்திரியிலதான் சேக்கணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு, பல்லக்கின் பின்னால் நடப்பார்.

இந்தச் சித்திரையில் இரண்டு பேருக்கு அம்மை போட்டு, ஆள் குறைந்தது. "தோள்ல மெத்தை வச்சு சரிக்கட்டிக்கும். பத்து மணிக்கு வரலேன்னா வேற ஆள்" என்றார் வீரராகவன். திருவிக்கிரமர் பழைய போர்வையை மடித்து மடித்து, அரையடி உயரத்துக்கு ஒரு மெத்தை தைத்தார்.

விழா நாளன்றும் எட்டு மணிக்கு மருத்துவமனைக்கு வந்தார், மெத்தையோடு. ஒன்பது மணிக்கு, பேருந்திலிருந்து விழுந்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். பெயர் தெரியாது, கூட யாருமில்லை. தலையில் அடி. அசையாமல் முட்டுக் கொடுக்க மருத்துவர் எதையோ தேடியபோது, திருவிக்கிரமர் மெத்தையை நீட்டினார். பெரியவருக்கு நினைவு வந்து வந்து போயிற்று. வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"என் செருப்பு எங்க?"

"என் கையிலதான் இருக்குய்யா."

பெரியவர் இவருடைய விரலை இறுக்கிக்கொள்வார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் செவிலியர் எமல்டா வந்தார். "நீங்க கெளம்புங்கய்யா. வருசம் பூரா இதையேதான சொல்லிக்கிட்டிருந்தீங்க. நாங்க பாத்துக்கறோம்."

"பாத்துக்குவீங்கம்மா. உங்களுக்கு இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. இவருக்கு நான் ஒருத்தன்தான்."

மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டது. அருகே வந்தது. திருவிக்கிரமர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் சட்டென்று நின்றது.

அவருக்குப் பதிலாகத் தோள் கொடுத்தவர், வெயில் தாங்காமல் மருத்துவமனை வாசலிலேயே மயங்கி விழுந்திருந்தார். பல்லக்கை இறக்கி வைத்தார்கள். விழுந்தவரைத் தூக்கி வந்தவர்களோடு அர்ச்சகர் சௌரிராஜ பட்டரும் ஓடி வந்தார். வீதியில் சேவிப்பவர்களின் தலையில் சடாரி வைத்துக்கொண்டிருந்தவர், பதற்றத்தில் அதையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். பெருமாளின் பாதுகை பதித்த அந்த வெள்ளிச் சடாரி அவசரப் பிரிவுக்குள் வந்தது அதுவே முதல் தடவை. பெருமாள் வாசலில் காத்திருந்தார். அந்த இடத்துக்கு வந்து காத்திருக்காமல் போனவர் யார்?

விழுந்தவருக்குக் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதும் பட்டர் திரும்பினார். திருவிக்கிரமரின் ஒரு கை நோயாளியிடம் இருந்தது. மறு கையில் ரத்தம் காய்ந்த ரப்பர் செருப்பு. பட்டர் சடாரியோடு நெருங்கினார்.

"வேண்டாம் சாமி. கையில செருப்பு இருக்கு. கீழ வச்சா இவர் பயந்துக்கறார்."

பட்டர் தம் கையைப் பார்த்தார்.

"என் கையில இருக்கறதும் அதுதானே, ஓய்."

திருவிக்கிரமர் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப முதல்ல இவருக்கு."

பெயர் தெரியாதவரின் தலைக்கட்டின்மேல், பட்டும் படாமலும் சடாரி அமர்ந்து எழுந்தது. அடுத்து திருவிக்கிரமரின் தலையில். வழக்கம்போல் பட்டர் உடனே எடுக்கவில்லை. தோளில் சுமக்க ஆசைப்பட்ட திருவடி அவர் தலைமீது இருந்தது. வீரராகவன் வாசலிலிருந்து "நாழியாறது" என்று குரல் கொடுத்தும் பட்டர் எடுக்கவில்லை.

அந்தப் பெரியவர் ஆறாம் நாள் தம் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து ஊருக்குப் போனார். விழா நாளன்று மாலையிலும் திருவிக்கிரமர் தனியாகத்தான் வீட்டுக்குப் போனார். படத்திடம் என்ன சொன்னார் என்று தெரியாது. சொல்ல வேண்டியிருந்திருக்காது, அவர்தான் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனாரே.

இப்போதெல்லாம் காலையில் அவர் கோயிலுக்குள் போகும்போது, பட்டப்பெயர் வைத்த நான் வாசலில் நிற்கிறேன். அவர் திரும்பி வரும்வரை அவருடைய செருப்புக்குக் காவல் இருக்கும் பேறு எனக்கு நிலைக்கட்டும்.