லோகநாதன் கடைசியாக வந்த வேகம்

எட்டுக் கார் ஓடிய பந்தயத்தில் எட்டாவதாக வந்தவன் கொஞ்ச நேரமாவது வாயை மூடிக்கொண்டிருப்பான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லோகநாதன் கார்க் கதவைத் திறப்பதற்குள்ளேயே கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டான்.

இடம், பல்லடத்துக்குத் தெற்கே மூடிப்போன ஒரு நூல் மில்லின் உள்ரோடு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுச் சிநேகிதர்கள் ஆளுக்கொரு பழைய காரோடு அங்கே கூடுவார்கள். எல்லாரும் சேர்ந்து ஓட்டுவதில்லை. ஒரு நேரத்துக்கு ஒரு கார்தான். வெள்ளைக் கோட்டில் கிளம்பி, ரோட்டுக் கடைசியில் அடுக்கி வைத்திருக்கும் டயர்களைச் சுற்றிக்கொண்டு, அதே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஸ்டாப்வாட்ச் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு.

தீர்ப்புக்கு ஒரு தண்டனையும் உண்டு. கடைசியாக வந்தவர் அடுத்த மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வெயிலில் நின்று, மற்றவர்கள் இடித்துத் தள்ளும் டயர்களை எடுத்து எடுத்து அடுக்க வேண்டும். அவருடைய கார் மட்டும் சும்மா நிற்காது. வீட்டு ஆள் யாராவது ஓட்டிக்கொள்ளலாம்.

லோகநாதனின் வீட்டு ஆள் மேகலா. ஒரு வயது மகளைத் தோளில் தூங்கப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்டாப்வாட்சும் கக்கத்தில் நோட்டுமாகக் கோட்டோரம் நிற்பவளும் அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் முட்டை வேனை ஓட்டிக்கொண்டு கடை கடையாகப் போனவள். அந்தச் சிவப்புக் காரை இந்த ரோட்டில் ஒரே ஒரு தடவை விரட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்காக விநாடியைக் கூட்டி எழுதுகிற புத்தி கிடையாது. அன்றைக்குக் கூட்டுவதற்குத் தேவையும் இல்லை. முதலில் வந்த எட்வினுக்கு ஐம்பத்திரண்டு விநாடி. ஏழாவதாக வந்தவருக்கு ஒரு நிமிஷம் எட்டு விநாடி. லோகநாதனுக்கு இரண்டு நிமிஷம் பதினொன்று.

ஏன் அவ்வளவு நேரம் என்பதும் மேகலாவுக்குத் தெரியும். மில் ரோட்டில் ஐந்து வேகத்தடை. மற்றவர்கள் அதில் ஆட்டுக்குட்டி மாதிரி எகிறிப் போனார்கள். லோகநாதன் ஒவ்வொரு வேகத்தடையிலும் காரை நிற்கிற அளவுக்கு மெதுவாக்கி, முன் சக்கரத்தை ஏற்றி இறக்கி, பின் சக்கரத்தை ஏற்றி இறக்கி, பதமாகக் கடந்தான். பின் சீட்டில் மகளைத் தூங்கப் போட்டு ஒரு வருஷமாக ஓட்டிய கால் அது. பின் சீட்டில் இன்று யாரும் இல்லை என்ற செய்தி காலுக்குப் போய்ச் சேரவில்லை. போதாததற்கு, டயரைச் சுற்றும்போது இண்டிகேட்டர் வேறு.

இதையெல்லாம் ஒத்துக்கொண்டால் அவன் லோகநாதன் இல்லையே.

தகரக் கொட்டகை நிழலில் எல்லாரும் மோர்த்தூக்கைச் சுற்றி உட்கார்ந்ததும், முதல் பழியை ஸ்டாப்வாட்ச் மேல் போட்டான். சாதாரண வேகத்துக்குத்தான் அது சரிப்பட்டு வருமாம். அவன் போன போக்குக்கு எண்கள் எல்லாம் தீர்ந்துபோய், கடிகாரம் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாகிவிட்டதாம்.

எட்வின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். வாரமெல்லாம் இருபதில் போன ஆத்திரத்தை ஞாயிற்றுக்கிழமை தீர்த்துக்கொள்கிறவன். அவன் மோரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வேகத்தடைக்கு வேகத்தடை பிரேக் விளக்கு எரிந்ததை இங்கிருந்தே பார்த்ததாகச் சொன்னான்.

"அது பிரேக் விளக்கு இல்ல மாப்ள," என்றான் லோகநாதன். "சூட்டுல காரோட பின்பக்கமே பழுத்துப்போயிருச்சு."

பிரேக்கை மிதித்தது உண்மைதானாம். ஆனால் காரை நிறுத்துவதற்கு அல்ல. அவன் வேகத்துக்கு ரோடு தரையை விட்டுக் கிளம்பி, பாய் சுருட்டுகிற மாதிரி சக்கரத்தில் சுருட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டதாம். பின்னால் ஓட்டுகிறவர்களுக்கு ரோடு வேண்டுமே என்று, அங்கங்கே மிதித்து மிதித்து விரித்துவிட்டு வந்தானாம். வேகத்தடை என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது அந்தச் சுருக்கங்களைத்தானாம்.

இந்தச் சிநேகிதர்களில் மூத்தவர் சபாபதி. லேத் பட்டறைக்காரர், யார் ஓட்டலாம், யார் அடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாக்குதான். அவர் எழுந்துபோய் ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதை லோகநாதன் பாதி வெற்றியாக எடுத்துக்கொண்டான்.

இண்டிகேட்டர் எதற்குப் போட்டாய் என்று எட்வின் விடாமல் கேட்டான். அது மரியாதைக்காம். வண்டிச் சத்தம் எப்போதோ பின்தங்கிப்போய்விட்டதாம். பாவம், மூச்சு வாங்கிக்கொண்டு அது வருவது கண்ணாடியில் தெரிந்ததும், முந்திப் போகட்டும் என்று ஒதுங்கி வழி விட்டானாம்.

மேகலா மகளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலே அதற்கு மூன்று காரணம் சொல்கிற மனிதர். இன்றைக்கு அடுத்த மாதத்து ஸ்டியரிங்கே கையை விட்டுப் போகப் பார்க்கிறது. லேசில் நிறுத்தமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

நிறுத்தவில்லை. டயரைச் சுற்றியதாக எல்லாரும் நினைக்கிறார்களே, உண்மையில் டயரைத் தாண்டித்தான் போனானாம். கார் நின்றால்தானே திருப்புவதற்கு? வழியில் இருந்த காற்றாலைகள் எல்லாம் அவன் போன காற்றில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, கம்பி வழியாகப் போன கரண்டு எல்லாம் திரும்பி வந்துவிட்டதாம். கோழிப்பண்ணைப் பக்கம் போனபோது அடித்த அனலில் கோழிகள் வேகவைத்த முட்டையாகவே இட்டனவாம். காரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பல்லவியைக் கோயம்புத்தூர் வானொலியில் கேட்டவன், சரணத்தைக் கொடைக்கானல் வானொலியில் கேட்டானாம். நடுவில் பாட்டு அறுபடவே இல்லையாம்.

"கொடைக்கானலா? அப்ப எங்கதான் போயி நின்னீங்க?" என்றான் எட்வின். மரியாதை கூடினால் கிண்டலும் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

"பழனி அடிவாரம். மலைக்குப் போற விஞ்சு வண்டிக்கு நின்ன கூட்டத்தை நான் வந்த காத்து அப்படியே மேல தூக்கிட்டுப் போயி சன்னதியில விட்டுருச்சு. ஒருத்தரும் படி ஏறல. பாரு, விபூதி."

நெற்றியைக் காட்டினான். விடிகாலையில் கிளம்பும்போது மேகலா பூசிவிட்ட விபூதி. ஈரம் காய்வதற்குள் விரல் பட்ட இடம்கூட இன்னும் அப்படியே இருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, காலையில் வைத்தது உடுமலையிலேயே பறந்துவிட்டது, இது வேறு என்று முந்திக்கொண்டு சொன்னான்.

எட்வின் தூக்கை மூடி வைத்தான். எல்லாவற்றையும் நம்பிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம் என்றான். காற்றை முந்தினாய், சத்தத்தை முந்தினாய், பழனிக்கே போய் வந்தாய். அப்படியானால் அந்த இரண்டு நிமிஷம் பதினொரு விநாடி எங்கிருந்து வந்தது? அதை மட்டும் சொல்.

சபாபதிகூட முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். லோகநாதன் இதற்காகத்தான் காத்திருந்தவன் மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வந்த வேகத்துக்கு நேரமே எனக்குப் பின்னால போயிருச்சு மாப்ள. பழனியில இருந்து திரும்பி வந்து பாக்கறேன், நான் இன்னும் கெளம்பவே இல்ல. கோட்டுல சிவப்புக் காருல நானே உக்காந்திருக்கறேன், சீட் பெல்ட்டு மாட்டிக்கிட்டு. ஒரு நேரத்துக்கு ஒரு காருதான ஓடோணும்? அதனால ஓரமா நிறுத்திக் காத்திருந்தேன். அவன் கெளம்பிப் பழனி போயிச் சேர்ந்த பின்னாலதான் நான் கோட்டுக்குள்ள வந்தேன். நீங்க கணக்குப் போட்டது நான் ஓட்டுன நேரம் இல்ல. நான் விதிக்குக் கட்டுப்பட்டு நின்ன நேரம்."

எட்வின் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். விதியை மதித்தவனுக்குத் தண்டனை கொடுப்பது எப்படி என்று சபாபதியே தாடையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். லோகநாதனின் முகத்தில் அடுத்த மாதத்து ஸ்டியரிங் பளபளத்தது.

"டைம் புடிச்சது நம்ம மேகலாதானே," என்றார் சபாபதி. "நீ சொல்லம்மிணி. நீ சொல்றதுதான் முடிவு."

லோகநாதன் மனைவியைப் பார்த்தான். கெஞ்சலில் பாதி, கட்டளையில் பாதி கலந்த பார்வை. வேகத்தடைக் கதையை அவள் சொல்லிவிட்டால் அத்தனையும் போச்சு என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

மேகலா அதைச் சொல்லவில்லை. குழந்தைக்காக மெதுவாகப் போகிற காலைப் பற்றி ஏழு பேர் சிரிக்க அவளுக்கு விருப்பமில்லை.

"அவரு சொன்னது அத்தனையும் நிசமுங்கண்ணா," என்றாள். "நான் கண்ணால பாத்தேன். வந்தவரும் இவருதான், கோட்டுல நின்னவரும் இவருதான். ரெண்டு பேரு இருந்தாங்க."

லோகநாதன் எழுந்து நின்று எட்வினின் முதுகில் ஒன்று போட்டான். பார்த்தாயா என்று கேட்டான். பொண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கொட்டகைக்கே பொதுவாக அறிவித்தான்.

மேகலா நோட்டைப் பிரித்து, அடுத்த மாதப் பக்கத்தில் சிவப்புக் காருக்கு நேராகத் தன் பெயரை எழுதினாள். எழுத்துப் பிழை இல்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு தூங்குகிற மகளை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஒருத்தரே டயரு அடுக்குனா இடுப்பு ஒடிஞ்சு போகுமுங்க. வந்தவரும் நின்னவரும் ரெண்டு பேருமாச் சேர்ந்து அடுக்குங்க, வெயிலுக்கு முன்ன முடிஞ்சுரும்."