எருமைத் தலைவரின் காயாத சேறு

கூழாங்காட்டில் முதல் அநியாயம் நண்டுக்கு நடந்தது. இரண்டாவது தவளைக்கு. மூன்றாவது உடும்புக்கு. நான்காவதாகத்தான் பெருச்சாளி ஒச்சாயியின் பெயரை ஓலையில் எழுதினார்கள்.

அந்தக் காட்டில் ஆறு கிடையாது. மலைச் சரிவில் ஒரே ஒரு சுனை. அது சொட்டிச் சொட்டி ஒரு பாறைத் தொட்டியில் நிறையும். தொட்டியிலிருந்து ஐந்து மூங்கில் குழாய்கள் மண்ணுக்கடியில் புறப்பட்டு வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஊர் கூடும். "யாரோ திருடுகிறார்கள்!" என்பார் தலைவர் எருமை பெரியகொம்பர். எழுத்தர் நாரை சாட்சிகள் முன்னால் ஒரு பெயரை உரக்கப் படிக்கும். பெயர் படிக்கப்பட்ட பிராணி அன்றே காட்டை விட்டுப் போய்விட வேண்டும். கோடையில் காட்டை விட்டுப் போவதும் சாவதும் ஒன்றுதான்.

மாசியில் தொட்டி குறைந்தது. நண்டு எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்று நண்டை விரட்டினார்கள். பங்குனியில் மறுபடி குறைந்தது. தவளையின் வயிறு உப்பியிருந்தது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றார்கள். சித்திரையில் உடும்பு. அதன் மீது சொல்ல ஒரு குற்றமும் அகப்படவில்லை. "திருடவில்லை என்று அது வாய் திறந்து சொல்லவில்லையே!" என்று தீர்ப்பு எழுதினார்கள்.

மூன்றும் போயின. தண்ணீர் குறைவது மட்டும் நிற்கவில்லை.

வைகாசியில் ஊர் கூடியபோது ஒச்சாயிக்குத் தெரிந்துவிட்டது, இந்த முறை தன் முறை என்று. கீழ்த்தெரு வளைகளுக்குக் குழாய் வேண்டும் என்று தலைவர் வீட்டு வாசலில் ஏழு நாள் பட்டினி கிடந்து குழாய் வாங்கிக் கொடுத்தது ஒச்சாயிதான். அன்றிலிருந்து தலைவர் குடியிருக்கும் மேட்டுத்தெருவில் யாருக்கும் அதைப் பிடிக்காது. குழாய் வந்த பிறகு கீழ்த்தெருவிலும் அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அந்தக் கசப்பு ஒச்சாயியின் நாக்கில் எப்போதும் இருந்தது.

பெரியகொம்பர் தன் வீட்டுச் சேற்றுக் குழியில் சுகமாகப் படுத்திருந்தார். கூட்டம் எப்போதும் அந்தக் குழியைச் சுற்றித்தான் நடக்கும். தலைவர் எழுந்து வர மாட்டார். ஊர்தான் அவரிடம் போக வேண்டும்.

"மண்ணைத் தோண்டுவது யார்? பெருச்சாளி! குழாய் போவது எங்கே? மண்ணுக்கடியில்! இதற்கு மேல் விசாரணை எதற்கு?" என்றார் பெரியகொம்பர். "நாரை, படி!"

நாரை ஓலையை விரித்தது.

"நிறுத்து!" என்றது ஒச்சாயி. "படிப்பதற்கு முன் ஒரு கேள்வி. மூன்று திருடர்களை விரட்டினீர்களே, ஒரு குடம் தண்ணீராவது மிச்சமானதா?"

கூட்டம் முணுமுணுத்தது. முயல் மெல்ல, "இல்லைதான் அக்கா. முன்னைவிடக் குறைச்சல்" என்றது.

"அப்படியென்றால் திருடனைத் தேடியது போதும். ஓட்டையைத் தேடுவோம்!"

"ஓட்டையா?" பெரியகொம்பர் சிரித்தார். "நீ போட்ட ஓட்டையை நீயே காட்டப் போகிறாயா?"

"காட்டுகிறேன். நண்பகல் வரை அவகாசம் கொடுங்கள். எல்லா வீட்டிலும் குழாய் வாயைக் களிமண் வைத்து அடையுங்கள். யாரும் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. சுனை சொட்டிக்கொண்டே இருக்கிறது. எல்லா வாயும் மூடியிருந்தால் தொட்டியில் தண்ணீர் ஏற வேண்டும். ஏறினால் இங்கே திருடன் இருக்கிறான். என் பெயரைப் படியுங்கள், போய்விடுகிறேன். இறங்கினால்?"

"இறங்கினால்?" என்று கேட்டது மரத்திலிருந்த குரங்கு சடையன்.

"யாரும் குடிக்காத தண்ணீர் எங்கே போகிறது என்று தலைவர் பதில் சொல்லட்டும்!"

பெரியகொம்பருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "சரி! ஆனால் நீ எங்கள் கண் முன்னாலேயே உட்கார வேண்டும்" என்றார்.

"வேறெங்கே உட்காருவேன்? உங்களைக் கண்காணிக்க ஊரில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?"

சடையன் தொட்டிக்கு ஓடி, தண்ணீர் நின்ற இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தது. வீட்டுக்கு வீடு குழாய் வாய்கள் அடைபட்டன. சாட்சிகள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. முயலின் குட்டிகள் தண்ணீர் கேட்டு அழுதன. முயல் இரண்டு தடவை எழுந்தது. இரண்டு தடவையும் ஒச்சாயியின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

"இன்னும் கொஞ்சம் பொறு" என்றது ஒச்சாயி. "இன்று பொறுக்காவிட்டால் நாளை உன் பெயரை எழுதுவார்கள். காது நீளம், ஒட்டுக் கேட்டுத் திருடினாய் என்பார்கள்."

முயல் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டது.

நண்பகலில் சடையன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. பார்த்ததும் கத்தியது. "இறங்கியிருக்கிறது! கோட்டுக்குக் கீழே இரண்டு விரல்!"

ஊரே எழுந்து போய்ப் பார்த்தது. கரிக்கோடு காய்ந்து நின்றது.

"இப்போது ஒவ்வொரு குழாய்க் கிளையாகத் தொட்டியிலேயே அடைத்துப் பார்ப்போம்" என்றது ஒச்சாயி. "எந்தக் கிளையை அடைத்ததும் இறக்கம் நிற்கிறதோ, ஓட்டை அந்தக் கிளையில். முதலில் கீழ்த்தெருக் கிளையை அடையுங்கள். இல்லாவிட்டால் பேச்சு வரும்."

கீழ்த்தெருக் கிளையை அடைத்தார்கள். தண்ணீர் இறங்கியது. முயலின் கிளையை அடைத்தார்கள். இறங்கியது. குரங்குகளின் கிளை, மான்களின் கிளை. அப்போதும் இறங்கியது. மிச்சம் ஒரே ஒரு கிளை.

நாரை தொண்டையைச் செருமியது. "அது தலைவர் வீட்டுக் குழாய். அதை எதற்கு..."

"அதுவும் மூங்கில்தானே?" என்றது சடையன். கேட்டுக்கொண்டே களிமண்ணை அப்பியது.

இறக்கம் நின்றது. எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு நாழிகைக்குள் தண்ணீர் ஒரு விரல் ஏறியது.

ஊர் சேற்றுக் குழிக்குத் திரும்பிப் போய் அதைச் சொன்னது. "என் வீட்டிலா?" குழியில் படுத்தபடியே பெரியகொம்பர் உறுமினார். "என் வீட்டில் ஒரு சொட்டு வெளியே போகாது! வந்து பாருங்கள், வாசலில் ஈரம் உண்டா? தோட்டத்தில் ஈரம் உண்டா? என் சேற்றுக் குழியைத் தவிர எங்கேயும் ஈரம் கிடையாது!"

ஒச்சாயி அவரை நிமிர்ந்து பார்த்தது. "தலைவரே, கடைசியாக மழை பெய்தது எப்போது?"

"மார்கழியில்."

"ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் சேறு ஏன் இன்னும் காயவில்லை?"

குழியைச் சுற்றி நின்றவர்கள் குனிந்து சேற்றைப் பார்த்தார்கள்.

"எருமைக்குச் சேறு இருப்பது இயற்கை" என்றார் பெரியகொம்பர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வேறொன்று யோசித்ததே இல்லை. உடம்புக்குக் குளிர்ச்சியாக இருந்தது, படுத்தார். கோடையில் சேறு கெட்டியாகாமல் இருப்பது தன் குலத்துக்கு உள்ள தனி மரியாதை என்றே நினைத்திருந்தார். அந்தச் சேற்றில் படுத்துக்கொண்டுதான் மூன்று பெயர்களையும் படிக்கச் சொன்னார்.

"எழுந்திருங்கள், தலைவரே!" என்றது ஒச்சாயி.

பெரியகொம்பர் எழுந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அன்று எழுந்தார். ஒச்சாயி சேற்றுக்குள் பாய்ந்தது. எந்தத் தோண்டலுக்காக அதைக் குற்றவாளி என்றார்களோ, அந்தத் தோண்டலை ஊர் பார்க்கத் தோண்டியது. இரண்டு முழ ஆழத்தில் மூங்கில் தட்டுப்பட்டது. எருமை படுத்துப் படுத்து அமுக்கிய இடத்தில், கணுவை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. தொட்டியில் அந்தக் கிளையைத் திறந்துவிட்டதும் தண்ணீர் அதிலிருந்து பீறிட்டு ஒச்சாயியின் மீசையில் அடித்தது.

சடையன் ஒரு கை சேற்றை அள்ளி அதன் மேல் அறைந்தது. "முடிந்தது வேலை!"

சேறு வழுக்கிக்கொண்டு போனது.

"ஈரத்தின் மேல் எதுவும் ஒட்டாது, தம்பி" என்றது ஒச்சாயி. "முதலில் தண்ணீரை நிறுத்து. துடை. காயவிடு. பிறகு தேன்மெழுகையும் குங்கிலியப் பிசினையும் குழைத்துப் பூசி நாரால் இறுக்கிக் கட்டு. கட்டின பிறகு அதன் மேலும் பூசு."

அப்படியே செய்தார்கள். கடைசியாகத் தண்ணீரை விட்டுப் பார்த்தார்கள். கட்டு வியர்க்கக்கூட இல்லை.

நாரை ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இதில்... வெயிலின் காரணமாக மூங்கில் வெடித்தது என்று எழுதிவிடலாமா?"

"எழுத்தரே!" ஒச்சாயியின் மயிர் சிலிர்த்தது. "நண்டு என்று எழுதினாய், தவளை என்று எழுதினாய், உடும்பு என்று எழுதினாய். அப்போதெல்லாம் வெயில் அடிக்கவில்லையா? பெரிய வீட்டுக்கு வந்தால் மட்டும் வெயில் குற்றவாளி ஆகிவிடுமா? படி!"

நாரை நடுங்கும் குரலில் படித்தது. "மேட்டுத்தெரு, எருமை பெரியகொம்பர்."

பெரியகொம்பரின் தலை தொங்கியது. "விதி விதிதான். நான் போகிறேன்" என்றார்.

இந்தச் சொல்லைக் கேட்க ஒச்சாயி எத்தனை வருடம் காத்திருந்தது! 'போ!' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரும் கூடவே கத்தும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மூன்று பேரை இந்த ஊர் கத்தி விரட்டியதையும் அது பார்த்திருந்தது.

"எங்கே போகிறீர்கள்?" என்றது ஒச்சாயி. "நீங்கள் போனால் மூங்கில் யார் சுமப்பது? ஐந்து கிளையிலும் பழைய மூங்கிலை மாற்ற வேண்டும். விரட்டி விரட்டிப் பார்த்தோம். ஒரு ஓட்டையாவது மூடியதா? இனிமேல் யார் பெயர் படிக்கப்படுகிறதோ, அவர் ஊரை விட்டுப் போக வேண்டாம். ஓட்டையை அடைக்க வேண்டும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றது ஊர். முதலில் சொன்னது முயல்.

விரட்டப்பட்டவர்களை அழைத்து வர அன்றே கொக்குகளை அனுப்பினார்கள். நண்டும் தவளையும் இளைத்துத் திரும்பி வந்தன. உடும்பு கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது.

ஓட்டையை அடைத்த மறுநாள் காலை ஒச்சாயி மறுபடியும் எல்லா வீட்டு வாய்களையும் அடைக்கச் சொன்னது. தொட்டிப் பக்கம் ஐந்து கிளைகளும் திறந்திருந்தன.

"அக்கா, நேற்றுதானே அடைத்தோம்! தண்ணீர்தான் ஏறுகிறதே!" என்று சலித்துக்கொண்டது சடையன்.

"ஏறுகிறது. ஆனால் நேற்றுக் கிளைகளைத் தொட்டியிலேயே அடைத்தபோது ஒரு நாழிகையில் ஒரு விரல் ஏறியது. இன்று அரை விரல்தான். பாக்கி அரை விரல் எங்கே?"

மறுபடி ஒவ்வொரு கிளையாக அடைத்தார்கள். தலைவர் வீட்டுக் கிளையை அடைத்தார்கள், வித்தியாசமில்லை. முயல், குரங்கு, மான், வித்தியாசமில்லை. கீழ்த்தெருக் கிளையை அடைத்ததும் தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது.

கூட்டம் குழாயின் தடம் பிடித்துக் கீழ்த்தெருவுக்கு இறங்கியது. வளை வளையாகப் பார்த்தது. கடைசி வளையின் சுவரில், அந்த வைகாசி வெயிலிலும், பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அது ஒச்சாயியின் வீடு.

பெரியகொம்பர் மூங்கில் கட்டைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனையில் வரிவரியாகப் பல் தடம். அதன் நடுவே ஊசி முனை அளவு ஒரு துளை. சொட்டு, சொட்டு, சொட்டு.

பெருச்சாளிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்தால்தான் அதன் ஊறல் ஆறும். தலைவரை எதிர்த்து என்னென்ன பேசலாம் என்று யோசித்தபடி ஒச்சாயி தினமும் கடித்தது அந்த மூங்கிலைத்தான். சுவர் குளுகுளுவென்று இருந்ததும் அதற்குப் பிடித்திருந்தது. ஏன் குளிர்கிறது என்று அதுவும் கேட்டதில்லை.

"அடேயப்பா!" என்றார் பெரியகொம்பர். "என் சேறு ஐந்து மாதமாகக் காயவில்லை. உன் சுவர் எத்தனை மாதமாக, ஒச்சாயி?"

ஊர் சிரித்தது. ஒச்சாயியின் காது சிவந்தது. ஒரு கணம் அது வளைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தது. பிறகு இரண்டு கால்களில் நிமிர்ந்து நின்றது.

"எழுத்தரே, ஓலையை எடு."

நாரை திகைத்தது. "ஊசி முனைத் துளைதானே, அக்கா? சும்மா அடைத்துவிட்டால்..."

"ஊசி முனையிலும் போவது தண்ணீர்தான். சாட்சிகள் எல்லாரும் முன்னால் வாருங்கள். சடையா, நீ மெழுகைக் குழை. எழுத்தரே, நேற்றைப் போல நடுங்காதே. கடைசியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்!"

நாரை கழுத்தை நீட்டியது. இந்த முறை அதன் குரல் நடுங்கவில்லை.

"கீழ்த்தெரு, பெருச்சாளி ஒச்சாயி!"

ஆளை விரட்டுவதால் ஓட்டை மூடாது. அது எவர் வீட்டில் இருந்தாலும், தன் வீட்டிலேயே இருந்தாலும், பெயரைச் சொல்லி அடைக்கிற ஊரில்தான் தண்ணீர் தங்கும்.